தையற்பொறி கண்ட எலியாஸ் ஹவ்

மாலைப் பொழுதிற் கடைத்தெரு வழியே செல்வார், ஒடுங்கிய திண்ணையொன்றில் தையற்காரர் ஒருவர் குனிந்தமர்ந்து, கால்கள் மிதியின்மேல் ஓய்வின்றி அசைய, துணியைக் கைகளால் முன்தள்ளித் தைத்துக்கொண்டிருக்கும் காட்சியைக் காணாதிருத்தல் அரிது. நாடோறும் காணும் எளிய காட்சியாதலின், அதனை நின்று நோக்குவார் இலர். எம் இல்லத்திலும் அத்தகைய பொறி ஒன்று உண்டு. எம் அன்னையார் அண்டை அயலார்க்கு ஆடை தைத்து ஈட்டிய சிறு பொருளே, யாம் இக்கல்லூரி வாயிலை மிதித்தற்குத் துணையாயிற்று. பள்ளிநாட்களில் இரவிற் பாடம் ஓதுங்காலை எம் செவியில் இடையறாது ஒலித்தது அப்பொறியின் ஓசையே. அதன் கருநிறக் கழுத்திற் பொன்னெழுத்துக்களாற் பொறித்திருந்த சிங்கர் என்னும் பெயரே அதனை முதன்முதற் படைத்தவர் பெயர் என யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

இவ்வெண்ணம் எம்போன்ற சிறியார்க்கு மட்டும் உரியதன்று. 1924ஆம் ஆண்டில், பின்னாளிற் காந்திகிராமத்தை நிறுவியோருள் ஒருவரான ஜி. இராமச்சந்திரன் மாணவராயிருந்தபோது காந்தியடிகளைக் கண்டு, எந்திரங்கள் அனைத்தையும் அவர் வெறுக்கின்றாரோ என வினவினார். அடிகள் தையற்பொறியை விலக்காக எடுத்துக் காட்டி, சிங்கர் என்பார் தம் மனைவி கையால் தைத்து வருந்துதலைக் கண்டு, அவர்மீது கொண்ட அன்பினால் அப்பொறியை ஆக்கினார் என விளக்கினார். அன்பினாற் பிறந்த பொறி என்னும் கருத்து அழகியதே. ஆயின் அக்கதைக்கு மிகுதியும் உரியவர் சிங்கர் அல்லர். எலியாஸ் ஹவ் என்பவரே. அவர் பெயரைத் தாங்கிய பொறியை நம் ஊர்களிற் காண்டல் அரிது. அவர் வரலாற்றை அறிந்தாரும் சிலரே. புதியதொரு கருத்து உள்ளத்திற் றோன்றுதல் ஒன்று. கைப்பொருளின்றி அதற்கு உருக்கொடுத்தல் மற்றொன்று. உருக்கொடுத்ததனைத் தமது என உலகின்முன் நிலைநாட்டுதல் பிறிதொன்று. இம்மூன்றனுள் முதலாவதே எளிது என்பதனை அவர் வாழ்க்கை நமக்கு நன்கு புலப்படுத்துகின்றது.

எலியாஸ் ஹவ் 1819ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் உழவுத்தொழிலோடு மாவரைக்கும் ஆலையும் நடத்தி வந்தார். மக்கள் பலராதலின், இவ்விரு தொழிலின் வருவாயும் குடும்பத்திற்குப் போதவில்லை. ஆறு வயதிலேயே எலியாஸ் தம் உடன்பிறந்தாரோடு அமர்ந்து, பஞ்சினைச் சிக்கெடுக்கும் கருவிக்காகத் தோற்பட்டைகளிற் சிறு கம்பிப்பற்களைச் செருகும் வேலையைச் செய்தார். உடல் வலியில்லாதவர், கால் சற்றே ஊனமுடையவர், ஆகவே உழவு அவர்க்கு ஏலாததாயிற்று. ஆனால் கைத்திறன் அக்குடும்பத்தின் உடைமையாய் இருந்தது. தந்தையாரின் உடன்பிறந்தாருள் ஒருவரான வில்லியம் ஹவ், மரமும் இரும்பும் கலந்து பாலம் அமைக்கும் புதுமுறை ஒன்றனைக் கண்டு, 1840ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றவர்.

பதினாறாம் வயதில் எலியாஸ் வீட்டை விட்டு நீங்கி, நெசவாலைகளாற் பெயர்பெற்ற லோவல் நகரடைந்து, ஆலைப்பொறிகள் செய்யும் தொழிற்சாலையிற் பணி பயின்றார். 1837ஆம் ஆண்டில் அமெரிக்க நாடெங்கும் பொருள்முடை தோன்ற, ஆலைகள் அடைபட்டன, வேலையும் போயிற்று. பின்னர்க் கேம்பிரிட்ஜ் நகரிற் சிலகாலம் தொழில்புரிந்தார். ஆங்கு அவருடன் வேலைசெய்த உறவினர் நதானியேல் பாங்க்ஸ் என்பார், பிற்காலத்தில் அம்மாநிலத்தின் ஆளுநராய் உயர்ந்தார். அதன்பின் ஹவ், அரி டேவிஸ் என்பவரிடம் பணியாளராய் அமர்ந்தார். டேவிஸ், கடலோடிகளுக்கும் அறிவியலார்க்கும் வேண்டும் நுண்கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் கொடுப்பவர். புதுப்பொறி காணும் ஆவலுடையார் பலரும் அறிவுரை நாடி அவர் பட்டறைக்கு வருவது வழக்கம்.

ஒருநாள், பின்னற்பொறி ஒன்று செய்ய முயன்று இடர்ப்பட்ட ஒருவர், பொருளுதவுவார் ஒருவரையும் உடனழைத்துக்கொண்டு ஆங்கு வந்தார். டேவிஸ் அவரை நோக்கி, பின்னற்பொறியோடு இடர்ப்படுதலினும் தையற்பொறி ஒன்று செய்தல் ஆகாதோ என வினவினார். அஃது இயலாதது என்றார் வந்தவர். இயலுவதே என்றார் டேவிஸ். இயற்றுவார் உளராயின் அவர் பெருஞ்செல்வம் எய்துவார் என்றார் பொருளுடையார். வந்தவர்கள் பேச்சை முடித்து அகன்றனர். அருகில் வேலைசெய்துகொண்டிருந்த இளைஞர் ஹவ்வின் உள்ளத்திலோ அச்சொற்கள் ஆழப் பதிந்தன. அப்போது அவர் நம் கல்லூரி மாணவர் பலரையும் ஒத்த அகவையினர் என்பது கருதத்தக்கது.

1841ஆம் ஆண்டில் ஹவ், எலிசபெத் ஏம்ஸ் என்னும் நங்கையை மணந்தார். சில ஆண்டுகளில் மக்கள் மூவர் பிறந்தனர். அவர்தம் ஊதியம் வாரம் ஒன்றுக்கு 9 டாலர். நாள்முழுதும் உழைத்து வீடு திரும்பும்போது உணவுண்ணவும் வலியின்றிப் படுக்கையிற் சாய்வார். வருவாய் போதாமையின் எலிசபெத் அம்மையார் பிறர்க்குத் தையல்வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார் என்று ஹவ்வின் வரலாறு எழுதினோர் கூறுவர். விளக்கொளியில் அவர் கை ஊசியோடு போதலையும் மீளுதலையும் கணவர் படுக்கையிலிருந்தே நெடுநேரம் நோக்கியிருப்பாராம். பட்டறையிற் கேட்ட சொல்லுக்கும் வீட்டிற் கண்ட காட்சிக்கும் இடையே ஒரு தொடர்பு பிறந்தது. ஏறத்தாழ 1843ஆம் ஆண்டுமுதல் அவர் தையற்பொறி பற்றிய ஆய்வில் முழுமனத்தோடு இறங்கினார்.

முதலில் அவர் செய்தது, மனைவியின் கை செய்வதனை அவ்வாறே பொறியைச் செய்வித்தற்கு முயன்றமையே. இருபுறமும் கூர்மையும் நடுவிற் காதும் உடைய ஊசி ஒன்றனை அமைத்து, அது துணியினூடே முன்னும் பின்னும் சென்றுவருமாறு பலவகையாலும் முயன்றார். பலதிங்கள் வீணாயின. பின்னரே, பொறி கையைப்போலத் தைத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பது அவர்க்குத் தோன்றிற்று. ஒரே நூலாற் கை தைக்கின்றது. பொறி இரண்டு நூல்களால் தைத்தால் என்ன? இவ்வொரு வினாவே வாயிலைத் திறந்தது. கனவில் வேற்படையினர் தம்மைச் சூழ்ந்ததாகவும், அவர்தம் வேல்களின் முனையருகே துளை இருக்கக் கண்டு விழித்து, ஊசியின் காதினை முனையருகே அமைத்ததாகவும் அவர் குடும்பத்தார் வழியாக ஒரு கதை வழங்குகின்றது. கதை இனிதாயினும், விழித்திருந்து உழைத்த பல இரவுகளின் பயனாகவே யாம் அதனைக் கொள்ளுகின்றோம்.

அப்பொறி இயங்கிய முறையைச் சிறிது விளக்குதும். நாம் கையாற் றைக்கும் ஊசிக்குக் காது அடியில் உள்ளது. ஹவ்வின் ஊசிக்கோ காது முனையின் அருகில் உள்ளது. வளைந்த அவ்வூசி, நூலைத் தாங்கித் துணியை ஊடுருவிச் சிறிதே மீளும்போது, துணியின் மறுபுறத்தில் நூல் ஒரு கண்ணியாக நிற்கும். அக்கண்ணியினூடே, நெசவாளர் தறியிற் செலுத்தும் நாடாவினை ஒத்த சிறு நாடா ஒன்று இரண்டாம் நூலைச் சுமந்து பாயும். ஊசி பின்வாங்க, இருநூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்ளும். இதனாற் பூட்டுத்தையல் என்னும் பெயர் இதற்கு ஏற்பட்டது. லோவல் நகரின் ஆலையில் இளமையிற் கண்ட நாடாவே இங்ஙனம் ஊசியோடு கூடியது போலும். 1844ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களளவில், மரத்துண்டுகளாலும் கம்பியாலும் பருவடிவான மாதிரி ஒன்றனைச் செய்து, தம் கருத்துப் பிழையன்று என அவர் தெளிந்தார்.

தெளிவு பிறந்தது, பொருள் இல்லை. மரமும் கம்பியும் கருத்தைக் காட்டுமேயன்றி, துணியைத் தையா. எஃகினாலும் இரும்பினாலும், கடிகார உறுப்புக்களைப்போல ஒன்றோடொன்று நுட்பமாகப் பொருந்தும் உறுப்புக்கள் வேண்டும். ஹவ் வேலையை விட்டு விலகித் தந்தையாரின் இல்லத்துப் பரணறையிற் கடைசற் கருவி ஒன்றனை வைத்து உழைத்துவந்தார். தந்தையார் அக்காலத்திற் கேம்பிரிட்ஜிற் குடியேறி, தொப்பி பின்னுதற்குரிய ஓலைகளைக் கீறும் தொழில் நடத்தினார். அத்தொழிற்கூடமும் தீக்கிரையாயிற்று. தந்தையும் மகனும் ஒருங்கே வறியராயினர்.

இந்நிலையில் ஹவ்வுக்கு உதவ முன்வந்தவர், அவரோடு இளமையிற் பயின்ற ஜார்ஜ் பிஷர் என்பார். இவர் கேம்பிரிட்ஜில் விறகும் நிலக்கரியும் விற்கும் சிறு வாணிகர், பெருஞ்செல்வர் அல்லர். இருவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஹவ்வையும் அவர் மனைவி மக்களையும் பிஷர் தம் வீட்டில் வைத்து உணவளித்தல் வேண்டும். பரணறையைப் பட்டறையாகத் தரல் வேண்டும். கருவிகளுக்கும் பொருள்களுக்குமாக 500 டாலர் உதவல் வேண்டும். இவற்றிற்குக் கைம்மாறாக, பொறிக்குக் காப்புரிமை கிடைப்பின் அதில் அவர்க்குச் சரிபாதி உரியது. 1844ஆம் ஆண்டு டிசம்பரில் ஹவ் குடும்பத்தினர் பிஷரின் இல்லம் புகுந்தனர். தம்மைத் தவிர அப்பொறியில் நம்பிக்கை வைத்தார் அந்நாளில் ஒருவரும் இலர் என்று பிஷரே பின்னர் முறைமன்றத்திற் சான்று பகர்ந்தார்.

குளிர்காலம் முழுதும் ஹவ் அப்பரணறையினின்றும் இறங்கிலர். 1845ஆம் ஆண்டு ஏப்ரலில் பொறி முதன்முறையாக ஒரு தையலை முற்றத் தைத்தது. ஜூலைத் திங்களிற் கம்பளி ஆடைத்தொகுதிகள் இரண்டின் எல்லாத் தையல்களையும் அப்பொறியே தைத்தது. ஒன்று பிஷருக்கு, மற்றொன்று ஹவ்வுக்கு. அப்பொறிக்குக் குறை இல்லாமலில்லை. துணியை மேசைமேற் கிடத்தாமல், ஊசிகள் பதித்த தகடொன்றிற் குத்திச் செங்குத்தாகத் தொங்கவிடல் வேண்டும். தகட்டின் நீளம் தைத்து முடிந்ததும் நிறுத்தி, துணியை மீண்டும் எடுத்துப் பொருத்தல் வேண்டும். வளைவான தையல் அதற்கு இயலாது. ஆயினும் பூட்டுத்தையல் உறுதியாய் நின்றது.

இனி அதனை உலகறியச் செய்தல் வேண்டும் அன்றோ? பாஸ்டன் நகரத்திற் குவின்சி மண்டபத்து ஆடைத்தொழிற்சாலையில் ஹவ் தம் பொறியைக் கொண்டு வைத்து, பல நாட்கள் வருவோர்க்கெல்லாம் தைத்துக் காட்டினார். இறுதியில் ஒரு போட்டி நடந்தது. ஒரே நீளமுள்ள தையல்கள் பத்து வகுக்கப்பெற்றன. அவற்றுள் ஐந்தனை, அத்தொழிற்சாலையில் விரைவுமிக்க தையற்பெண்டிர் ஐவர்க்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தனர். எஞ்சிய ஐந்தனையும் ஹவ் ஒருவரே தம் பொறியால் தைக்கத் தொடங்கினார். நிமிடத்திற்கு 250 தையல் என்னும் விரைவினால், அப்பெண்டிருள் எவரும் தம் ஒரு தையலை முடிக்குமுன் ஹவ் ஐந்தனையும் முடித்தார். பொறியின் தையலே வலிமையும் ஒழுங்கும் உடையது எனத் தீர்ப்பும் கிடைத்தது.

கண்டோர் வியந்தனர், வாங்குவார் ஒருவரும் இலர். தையற்காரர் தம் பிழைப்புக் கெடுமென அஞ்சினர். தொழிற்சாலை உடையாரோ விலையைக் கேட்டுப் பின்வாங்கினர். கையாற் கடைந்து செய்யப்பெறும் பொறி ஒன்றுக்கு ஏறத்தாழ 300 டாலர் ஆகும். தொழிற்சாலை ஒன்றுக்குப் பொறிகள் பல வேண்டும். நல்ல பொறி என்பது வேறு, விலைபோகும் பொறி என்பது வேறு என்பதனை ஹவ் அன்று கற்றார்.

அவர் மனம் தளர்ந்திலர். அக்காலத்து அமெரிக்கச் சட்டம் 1836ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன்படி, காப்புரிமை வேண்டுவோர் தம் புனைவினை எழுத்தால் விளக்குதல் வேண்டும். வரைபடம் தரல் வேண்டும். 30 டாலர் கட்டணம் செலுத்தல் வேண்டும். பொறியாயின் அதன் மாதிரி ஒன்றனையும் அரசு அலுவலகத்தில் வைத்தல் வேண்டும். கட்டணம் சிறிது, மாதிரி செய்தற்கு ஆகும் காலமும் பொருளுமே பெரிய. அலுவலகத்திற்கென ஹவ் இரண்டாம் பொறி ஒன்றனைப் பல திங்கள் உழைத்து முடித்தார். இடையே வயிறு வளர்த்தற்குப் புகைவண்டி ஓட்டும் வேலையும் பார்த்து, உடல்நலம் குன்றி அதனையும் விடுத்தார். பிஷரின் செலவில் இருவரும் வாஷிங்டன் சென்றனர். 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், 4,750 என்னும் எண்ணுடைய காப்புரிமைப் பட்டயம் ஹவ்வுக்கு வழங்கப்பெற்றது. முனையருகே காதுடைய ஊசி தமக்கே உரியது என்று மட்டும் கேளாமல், அவ்வூசியும் நாடாவும் இணைந்து இருநூலாற் பூட்டுத்தையல் ஆக்கும் அமைப்பினைத் தமக்குரியதாக அப்பட்டயத்தில் அவர் வரையறுத்திருந்தார். அவ்வரையறையே பின்னாளில் அவரைக் காத்தது. அன்று கொடுத்த மாதிரி இன்றும் வாஷிங்டன் நகரத்து அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

பட்டயம் கைக்கு வந்தும் உணவு வரவில்லை. ஏறத்தாழ 2,000 டாலர் செலவிட்டுவிட்ட பிஷர், இனித் தாங்க இயலாதென விலகினார். அவரைக் குறைகூறுதல் அறமன்று. தம் ஆற்றலுக்கு மிஞ்சியே அவர் உதவினார். ஹவ் குடும்பத்தோடு தந்தையார் இல்லம் சேர்ந்தார். அமெரிக்கா கைவிட்டால் இங்கிலாந்து ஏற்கும் எனக் கருதி, அவர் உடன்பிறந்தார் அமாசா 1846ஆம் ஆண்டு அக்டோபரிற் கப்பலின் கீழ்த்தட்டிற் பயணம் செய்து, பொறியை இலண்டனுக்குக் கொண்டுபோனார். பெண்டிர் அணியும் இறுக்குகச்சு செய்யும் தொழிலினரான வில்லியம் தாமஸ் என்பார், 250 பவுன் கொடுத்து அப்பொறியையும் இங்கிலாந்துக்குரிய உரிமையையும் வாங்கிக்கொண்டார். அந்நாட்டுக் காப்புரிமை 1846ஆம் ஆண்டு டிசம்பரில் தாமஸின் பெயரிலேயே பதிவாயிற்று. விற்கும் பொறி ஒவ்வொன்றுக்கும் 3 பவுன் தருவதாக வாய்ச்சொல் இருந்ததென ஹவ்வின் தரப்பினர் பின்னர்க் கூறினர். எழுத்தில் இல்லாத அச்சொல் அவர்க்குப் பயன்படவில்லை. ஒரு நாட்டின் பட்டயம் மற்றொரு நாட்டிற் செல்லாது என்பதும், எழுதாத உடன்படிக்கை நீரின்மேல் எழுத்தாகும் என்பதும் அவர் இங்ஙனம் இழப்பினாற் கற்ற பாடங்கள்.

1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹவ்வும் இலண்டன் சென்றார். வாரம் 3 பவுன் ஊதியத்திற்குத் தம் பொறியைக் கச்சுத் தைத்தற்கு ஏற்பத் திருத்தும் வேலையில் அமர்ந்தார். மனைவி மக்களும் சென்று சேர்ந்தனர். சில திங்களில் தாமஸுக்கும் அவர்க்கும் பிணக்கு உண்டாகி வேலை நீங்கிற்று. அயல்நாட்டில், நண்பரின்றி, பொருளின்றி, நோயுற்ற மனைவியோடும் மக்கள் மூவரோடும் நின்றார். சார்லஸ் இங்கிலிஸ் என்னும் வண்டி செய்யும் தொழிலாளர், தாமும் வறியராயிருந்தும், சிற்றறை ஒன்றும் சிறுதொகையும் தந்து உதவினார். ஹவ் குடும்பத்தாரை முன்னதாகத் தாயகத்திற்கு அனுப்பிவிட்டு, மற்றொரு பொறி செய்து முடித்தார். 50 பவுன் மதிப்புடைய அப்பொறியை 5 பவுனுக்கு விற்க நேர்ந்தது. ஊர்திரும்பும் செலவுக்காகத் தம் முதற்பொறியையும் காப்புரிமைப் பட்டயத்தையும் அடகு வைத்தார். பல ஆண்டுகளின் உயிர்மூச்சு இலண்டன் அடகுக்கடை ஒன்றிற் கிடக்க, அவர் கடல் கடந்தார்.

1849ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவர் கையில் அரைக்கிரவுன் நாணயம் ஒன்றே இருந்தது. வேலை தேடிக்கொண்டு சின்னாள் கழிந்தபின், எலிசபெத் அம்மையார் சயரோகம் முற்றிக் கேம்பிரிட்ஜில் இறக்குந் தறுவாயில் உள்ளார் என்னும் செய்தி எட்டிற்று. செல்லுதற்குக் கட்டணம் இல்லை. தந்தையார் 10 டாலர் அனுப்பும்வரை காத்திருந்து, விரைந்து சென்று, உயிர் பிரியுமுன் மனைவியின் அருகிற் சேர்ந்தார். அடக்கத்திற்கு உடுத்திச் செல்லத் தக்க ஆடை இல்லாமல், மைத்துனரிடம் இரவல் வாங்கி உடுத்தினார் என்று அவர் வரலாறு எழுதினோர் குறிக்கின்றனர். உலகிற்கு ஆடை தைக்கும் பொறி தந்தவர், தம் மனைவியை அடக்கம் செய்ய இரவல் ஆடை உடுத்து நின்றார். எவர் கையின் வருத்தம் கண்டு அப்பொறி பிறந்ததோ, அவர் அதன் பயனிற் சிறிதும் துய்த்திலர். இவ்விடத்தினை எழுதுங்கால் எம் எழுதுகோல் சற்றே தயங்கிற்று என்பதனை மறையோம். அவர்தம் வீட்டுப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலும் காட் முனையருகே கடலில் மூழ்கிற்று என்னும் செய்தியும் அடுத்து வந்தது.

துயரிடையே அவர் கண்டது வியப்பும் சினமும் தருவதாயிற்று. அவர் இல்லாத காலத்தில், ஒருவரும் வேண்டாது விடுத்த தையற்பொறி அமெரிக்காவிற் காட்சிப்பொருளாகி, விற்பனைப்பொருளும் ஆகியிருந்தது. பலர் பலவகைப் பொறிகள் செய்தனர். அவற்றுட் பலவற்றில் ஹவ்வின் ஊசியும் நாடாவும் இருந்தன. 1851ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற ஐசக் சிங்கரின் பொறி அவற்றுட் சிறந்தது. சிங்கருக்குரிய புகழை மறைத்தல் முறையன்று. ஊசியை மேலிருந்து கீழாக இயங்கவைத்து, துணியை மேசைமேற் கிடத்தி, நீளத்திற்கு எல்லையின்றித் தைக்குமாறு பொறியைத் திருத்தியவர் அவரே. மிதியினால் இயக்கும் வழக்கத்தையும், தவணைமுறையில் விற்கும் வழக்கத்தையும் பரப்பியது அவர்தம் நிறுவனமே. ஆயினும் பூட்டுத்தையல் ஹவ்வின் பட்டயத்துள் அடங்கியது.

வழக்காடுதற்கும் பொருள் வேண்டும். ஹவ் முதலில் அடகுவைத்த பொறியையும் பட்டயத்தையும் இலண்டனிலிருந்து மீட்டார். ஜார்ஜ் பிளிஸ் என்பார் பிஷரின் பங்கினை வாங்கிக்கொண்டு, ஹவ்வின் தந்தையாருடைய நிலத்தை ஈடாகப் பெற்று, வழக்குக்குப் பொருள் உதவினார். எதிர்த்தரப்பினர், ஹவ்வுக்கு முன்பே தையற்பொறி கண்டவர் ஒருவர் உளர் என்று தேடிக் கொணர்ந்தனர். அவர் வால்டர் ஹன்ட். இது பொய்யன்று. 1830ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலேயே நியூயார்க்கில் ஹன்ட், முனைக்காதுடைய ஊசியும் நாடாவும் உடைய பொறி ஒன்றனைச் செய்திருந்தார். காப்பூசி என நாம் வழங்கும் ஸேப்டி பின்னைக் கண்டவரும் அவரே. ஏழைத் தையற்பெண்டிர் பிழைப்பிழப்பர் என்னும் அச்சமும் அவர் இல்லத்தில் எழுந்தது என்பர். எக்காரணம்பற்றியோ அவர் தம் பொறியை முற்றத் திருத்தாமலும், காப்புரிமை வேண்டாமலும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைவிட்டிருந்தார். காலம் கடந்து அவர் வேண்டியபோது, நெடுநாள் நெகிழவிட்ட காரணத்தால் அஃது அவர்க்குக் கிடைக்கவில்லை. 1854ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் முறைமன்றம் ஹவ்வின் உரிமையை உறுதிசெய்தது. சிங்கர் 15,000 டாலர் செலுத்தி உடன்பட்டார்.

ஈண்டு, முந்தியவர் ஹன்ட் ஆயின், பரிசு ஹவ்வுக்குச் செல்லுதல் நீதியோ என்னும் ஐயம் எழும். யாமும் இதனைப் பலமுறை எண்ணிப் பார்த்தோம். காப்புரிமை என்பது அறிவுக்கு அரசு அளிக்கும் வெகுமதி மட்டும் அன்று. அஃது ஓர் உடன்படிக்கையுமாகும். தான் கண்டதனை மறைக்காது மக்கட்கு விளங்க எழுதிக் கொடுப்பவனுக்கு, குறித்த காலம்வரை அதன் ஊதியத்தை அரசு காத்தளிக்கின்றது. காலம் முடிந்தபின் அஃது எல்லார்க்கும் பொதுவாகின்றது. ஹன்ட் தம் அறிவை அறையினுள் வைத்தார். ஹவ் தம் அறிவை ஏட்டில் எழுதி உலகின்முன் வைத்தார். ஹவ் அறிந்து கவர்ந்தாரும் அல்லர். ஹன்ட்டின் பொறியை அவர் கண்டிலர். எனினும் ஹன்ட்டின்பால் எமக்கு உண்டாகும் இரக்கம் நீங்கவில்லை. முன்னரே கண்டும், முடியாமல் விட்டமையால் பெயரிழந்தவர் அவர்.

1856ஆம் ஆண்டில், ஒருவர்மேல் ஒருவர் வழக்காடி அழிதலினும் கூடி வாழ்தலே நன்றெனக் கண்டு, ஹவ்வும், சிங்கரின் நிறுவனத்தோடு வேறு இரு நிறுவனங்களும் தம் காப்புரிமைகளை ஒருங்குசேர்த்தனர். அமெரிக்காவில் விற்கும் பொறி ஒவ்வொன்றுக்கும் 5 டாலரும், அயல்நாடு செல்வது ஒவ்வொன்றுக்கும் 1 டாலரும் ஹவ்வுக்கு உரியவாயின. உற்பத்தியாளர் சிலரே எல்லாவற்றையும் கைப்பற்றாவண்ணம், குறைந்தது 24 உற்பத்தியாளர்க்கேனும் உரிமம் வழங்கல் வேண்டும் என அவர் கட்டளையிட்டிருந்தார். பட்டயத்தின் காலம் 14 ஆண்டுகள். 1860ஆம் ஆண்டில் மேலும் 7 ஆண்டுகள் நீட்டிக்கப்பெற்றது. அவர் பெற்ற மொத்த வருவாய் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் என மதிப்பிடுவர். வாரம் 9 டாலருக்கு உழைத்தவர் இங்ஙனம் பெருஞ்செல்வரானார்.

செல்வம் அவரைச் செருக்குறச் செய்யவில்லை. 1862ஆம் ஆண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, கனெக்டிகட் மாநிலத்தின் 17ஆம் காலாட்படைப் பிரிவில் அவர் எளிய போர்வீரராகச் சேர்ந்தார். ஊனமுற்ற காலோடு, படைவீரரின் கடிதங்களைக் குதிரைமீது சென்று கொணர்ந்து கொடுக்கும் பணியினை ஏற்றார். அரசினரிடமிருந்து ஊதியம் வரத் தாழ்த்தபோது, அப்படையினர் அனைவர்க்கும் தம் பொருளால் ஊதியம் வழங்கி, பின்னர் அரசினரிடம் பெற்றுக்கொண்டார். 1867ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சியிற் பொற்பதக்கம் பெற்றார். பிரெஞ்சு அரசு தன் உயர்விருதினையும் அளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அவர் காப்புரிமையின் காலம் முடிந்தது. அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள் புரூக்லின் நகரில் அவர் வாழ்வும் முடிந்தது. அப்போது அவர்க்கு அகவை 48.

தையற்பொறியால் விளைந்தன எல்லாம் நன்மையே எனக் கூறுதற்கில்லை. சட்டை ஒன்றனைக் கையால் தைத்தற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் ஆனது, பொறியால் ஒரு மணிக்குச் சிறிது மிகுதியாகச் சுருங்கிற்று. எளியவரும் நல்லாடை உடுத்தும் நிலை வந்தது. ஆனால் அப்பொறிகளை வரிசையாக நிறுத்தி, ஏழைப் பெண்டிரைக் காற்றில்லாக் கூடங்களில் நள்ளிரவுவரை வேலைவாங்கிய முதலாளிகளும் தோன்றினர். குற்றம் பொறியினதன்று, அதனை உடையார் உள்ளத்தினது. பொறி உழைப்பவர் கையிலேயே உடைமையாய் இருப்பின் அஃது உறுதுணையாகின்றது என்பதற்கு, நம் ஊர்களிற் கணவனை இழந்தும் கைவிடப்பட்டும், ஒரு பொறியைத் துணையாகக்கொண்டு மக்களைக் காத்த அன்னையர் பலரும் சான்றாவர்.

விடுமுறையில் வீடு சென்றபோது எம் அன்னையார் பொறியின் முன் அமர்ந்திருக்கக் கண்டு, இவ்வரலாற்றை அவர்க்கு எடுத்துக் கூறினோம். அவர் தைத்தலை நிறுத்திக் கேட்டார். எலிசபெத் அம்மையார் இறந்த பகுதி வந்தபோது, பொறியின் கழுத்தினைத் தம் முந்தானையால் மெல்லத் துடைத்தார், ஒன்றும் கூறவில்லை. பின்னர் நாடாவில் நூல் தீர்ந்திருக்கக் கண்டு, புதுநூல் சுற்றிப் பொருத்தி, மீண்டும் மிதிக்கத் தொடங்கினார்.